லிஃப்ட்காரர் பற்றறுத்த கதை

மூன்று நாள் பயணத்துக்கு நகவெட்டி எதற்கு என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

கணவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தாள். தப்புதான். ஆனால் புருஷனின் பெட்டியைத் திறக்க அனுமதி கேட்கும் நாகரிகமெல்லாம் அந்த வீட்டுக்குள் இன்னும் நுழையவில்லை. பாதி அலமாரியே அதற்குள் இருந்தது. சட்டைகள், கம்பளி, போர்வை, மழைக்கோட்டு, பொட்டலம் பொட்டலமாக ரத்த அழுத்த மாத்திரை, ஓரத்தில் அந்த நகவெட்டி. மூன்று நாளில் எந்த மனிதனுக்கும் வெட்டுகிற அளவுக்கு நகம் வளராது. பெட்டியை இருந்தபடியே மூடிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மனுஷன் திரும்பி வரப்போவதில்லை.

பயணத்தின் பெயர் ‘உள்முகப் பயணம்’. முதல் நாள் ஒரு பழைய அரண்மனை, இரண்டாம் நாள் ஒரு தோட்டம், மூன்றாம் நாள் மலைமேல் ஒரு புனிதக் குகை. இந்த மூன்றையும் சுற்றிப் பார்ப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லவாம், தங்களைத் தாங்களே சுற்றிப் பார்ப்பவர்களாம். விளம்பரத்தின் கடைசியில், ‘போகும்போது நிறைந்திருக்கும் பேருந்து, திரும்பும்போது சற்றுக் காலியாக வரும்’ என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். பக்குவப்பட்டவர்கள் குகைக்குப் பின்னால் இருக்கும் மௌன நிலையத்திலேயே தங்கிவிடுவார்கள் என்பது அதன் பொருள். மற்ற பயண ஏற்பாட்டாளர்கள் இப்படி ஆளைத் தொலைத்துவிட்டு வந்தால் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கணவர் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். உயரமான கட்டிடங்களின் உச்சியில், மோட்டார் உறுமும் அறைக்குள் வாழ்நாளைக் கழித்து ஊரையே மேலே ஏற்றிவிட்டவர். ஓய்வு பெற்றதும் தாமும் மேலே போகவேண்டும் என்று தோன்றிவிட்டதோ என்னவோ, ஒரு வருடமாக ஆளே மாறிப்போனார். முதலில் டிவியை அணைத்தார். சத்தம் மனதைக் கலைக்கிறதாம். பிறகு போனை எடுப்பதை நிறுத்தினார். வெளியூரிலிருந்து மகள் கூப்பிட்டால், “எழுதி அனுப்பச் சொல்லு” என்பார். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவது நின்றது. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உதடு பிரியாமல் ஒரு புன்னகையோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். “கேஸ் தீர்ந்துபோச்சு” என்று சமையலறையிலிருந்து இவள் கத்திவிட்டு எட்டிப் பார்த்தால், “எல்லாம் நல்லதுக்குத்தான்” என்று பதில் வரும்.

இன்னொருத்தி இருக்கிறாளோ என்றுகூட யோசித்துப் பார்த்தாள். அப்படி இருந்திருந்தால் நிம்மதி. தேடிப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். வந்திருப்பது ஞானம். அதை எந்த முகவரியில் போய்க் கேட்பது? மகளிடம் சொன்னாள். “அப்பாவுக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் குடும்மா” என்றாள் மகள். பால்கனி முழுவதையும் கொடுத்தாயிற்று, இனி எதைக் கொடுப்பது என்று இவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்கு ஞானமும் வேண்டாம், அரண்மனையும் வேண்டாம். அழைத்துப்போகிற பஸ்ஸிலேயே அந்த மனுஷனைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர வேண்டும். அதற்காகத் தானும் அந்தப் பயணத்தில் பெயர் கொடுத்தாள்.

பல்செட் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. பொக்கை வாய்களின் அச்சுகள் மேசையில் வரிசையாகத் திறந்து கிடக்க, மெழுகில் பல் பதித்து, ராவி, மெருகேற்றிக் கொடுப்பாள். லீவு கேட்கப் போனபோது முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

“யாருக்கு உடம்பு சரியில்ல?”

“வீட்டுக்காரருக்கு. ஞானம் வந்திருக்கு சார்.”

“ரொம்ப முத்திடுச்சா?”

“மூணு நாள்ல தெரிஞ்சிடும்.”

முதலாளி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் லீவு கொடுத்தார்.

பஸ் கிளம்பியதும் மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவர் தன்னை ‘வழித்துணை’ என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். முன்பு மெத்தை விற்றுக்கொண்டிருந்தாராம். மக்கள் தூங்குவதற்கு உதவியது போதும், இனி விழிப்பதற்கு உதவலாம் என்று இந்தப் பக்கம் வந்துவிட்டாராம். அவர் சிரித்தபோது முன்வரிசை மேல்பற்கள் மட்டும் பக்கத்துப் பற்களோடு ஒட்டாமல் பளீரென்று தெரிந்தன. தொழில் புத்தி, இவள் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. உண்மையைப் பேசுகிற வாயாகவே இருக்கட்டும், பல் உண்மையில்லை.

“உறவுங்கறது ஒரு மூட்டை” என்றார் வழித்துணை. “அதைத் தூக்கிக்கிட்டு உள்ளே போக முடியாது. இந்த மூணு நாளும் இங்க அண்ணன் இல்ல, அக்கா இல்ல, புருஷன் இல்ல, பொண்டாட்டி இல்ல. எல்லாரும் எல்லாருக்கும் பயணி. அப்படித்தான் கூப்பிட்டுக்கணும்.”

சொல்லிவிட்டு எல்லோருடைய போனையும் ஒரு துணிப்பையில் வாங்கிக் கட்டி வைத்தார்.

உறவில்லாத நிலை டீ குடிக்க வண்டி நிறுத்தும் வரைக்கும் தாங்கியது. இறங்குகிற அவசரத்தில் ஒரு பெண், “கொஞ்சம் வழி விடுங்க பயணி அண்ணே” என்றாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. பயணி அக்கா, பயணி தம்பி, பயணி மாமா என்று டீ ஆறுவதற்குள் ஒரு கூட்டுக் குடும்பமே உருவாகிவிட்டது. பக்கத்து இருக்கையில் ஒரு மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி இவளைப் பயணி அக்கா என்று சொந்தம் கொண்டாடி, பஸ் மறுபடி கிளம்புவதற்குள் தன் மாமியாரைப் பற்றிய முக்கியத் தகவல்களைச் சொல்லி முடித்தாள். வழித்துணையே கதவைத் தட்டி, “ஏறும்மா பயணி, நேரமாச்சு” என்றார்.

சுத்தமாக விதியைப் பிடித்துக்கொண்டவர் இவள் கணவர் ஒருவர்தான்.

“பயணி, ஜன்னலைக் கொஞ்சம் மூடிக்கோங்க.”

மூடிக்கோங்க. அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து ‘நீ’ என்று தவிர வேறெப்படியும் கூப்பிடாத வாய். கோபத்தில் நீ, கொஞ்சலில் நீ, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளைக் கையில் வாங்கியபோதும் நீ. கட்டின பெண்டாட்டிக்கு இந்த வயதில் ‘ங்க’ போட்டுப் பேசினால் அதற்கு மரியாதை என்றா அர்த்தம்? அந்த ரெண்டு எழுத்து அவளை வீட்டிலிருந்து வெளியே தள்ளி வாசல் கதவைச் சாத்தியது. ஜன்னலை மூடினாள்.

அரண்மனை பெரியதுதான். ராஜா இல்லாத அரண்மனைகளுக்கே உரிய முறையில் கயிறு கட்டிய நாற்காலிகளும், தொடாதே என்ற பலகைகளும், நாற்காலியில் தூங்கும் காவலர்களுமாக இருந்தது. ஒவ்வொரு வாசலும் ஒரு மனநிலை என்றார் வழித்துணை. முதல் வாசலில் பயத்தை விடவேண்டும், விட்டார்கள். அடுத்ததில் கோபத்தை விட்டார்கள். ஆசையை விடவேண்டிய வாசல் பழுதுபார்ப்பதற்காக மூடியிருந்தது. அதனால் ஆசையை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு பக்கவாட்டு வழியாகப் போனார்கள். வெளியே நினைவுப்பொருள் கடையில் அது மிகவும் உபயோகப்பட்டது.

அதற்கு முன் கண்ணாடி மண்டபம். சுற்றிலும் நிலைக்கண்ணாடிகள். வழித்துணை ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று தணிந்த குரலில் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“யார் நீ?”

“மருந்துக்கடை வெச்சிருக்கேங்க” என்றார் மருந்துக்கடைக்காரர். வழித்துணை அனுதாபத்தோடு தலையசைத்துவிட்டு நகர்ந்தார். ஒரு பெண் தன்னைக் கடலில் ஒரு துளி என்றாள். அவள் இதற்கு முன்பும் இந்தப் பயணம் வந்தவள். கடைசியாக லிஃப்ட்காரர்.

“யார் நீ?”

அவர் வழித்துணையின் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புன்னகையோடு, “எனக்கு வேணாம்” என்றார்.

வழித்துணைக்குக் கண் கலங்கிவிட்டது. “கேட்டீங்களா? யாருன்னு கேட்டா எல்லாரும் எதையாவது சொல்றோம். இவர் வேணாம்கறார். நான்கறதே வேணாம்கறார். ரெண்டு வார்த்தைதாங்க. ரெண்டே வார்த்தை.”

கடலின் துளி பொறாமையோடு திரும்பிப் பார்த்தாள். பல்செட் லேபுக்காரிக்கோ அந்த நகவெட்டி ஞாபகம் வந்தது. போலி ஞானம் என்றால் போராடிப் பார்க்கலாம். இது நிஜம் போலல்லவா இருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வழித்துணை தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் எதிரிலேயே வந்து உட்கார்ந்தார். “இப்ப மனசு எப்படி இருக்கு?” என்றார்.

லிஃப்ட்காரர் ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டு, “கொஞ்சம் உப்பு கம்மி” என்றார்.

உப்பு என்பது அகந்தை. அகந்தை குறைந்த மனம் அப்படித்தான் இருக்கும். வழித்துணை இதை எழுந்து நின்று எல்லா மேசைக்கும் விளக்கினார். ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து மேசைகளில் உப்புக் குப்பி காணாமல் போனது. மருந்துக்கடைக்காரர் சப்பென்ற சூப்பைக் கலக்கிக்கொண்டே, இவள் கணவரை நன்றியில்லாத ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டாம் நாள் தோட்டம். நான்கு பாகமாகப் பிரித்து நடுவே நீரோடும் கால்வாய்கள். ஓரத்தில் ஆள் உயரச் செடிவேலிகளால் ஆன ஒரு சுற்றுவழி. எந்தப் பாதை எங்கே போகிறது என்று உள்ளே போனவர்களுக்குத் தெரியாது. மனித மனதின் வரைபடம் அதுதானாம். பேசாமல், தனித்தனியாக நடந்து நடுவிலிருக்கும் மேடைக்கு வந்து சேரவேண்டும்.

அவளுக்கு வழி தப்பிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலி. வந்த இடத்துக்கே மறுபடி வந்தாள். மூச்சு முட்டியது. ஒரு திருப்பத்தில் கொஞ்சம் தள்ளிக் கணவரின் முதுகு தெரிந்தது. விதி, மௌனம், உறவு மூட்டை எல்லாம் மறந்துபோய் அவள் வாயிலிருந்து அது தானாக வந்தது.

“ஏங்க.”

தோட்டத்தில் இருந்த அத்தனை புருஷன்மார்களும் திரும்பினார்கள். வேலிகளுக்குப் பின்னாலிருந்து “என்ன?” என்றது ஒரு குரல். “இதோ வர்றேன்” என்றது இன்னொன்று. “சாவி உன் பையிலதான் இருக்கு” என்றார் மருந்துக்கடைக்காரர். உறவைத் துறந்து ஒரு முழு நாள் ஆன மனிதர்கள். அவர்கள் பெண்டாட்டிகள் யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் அந்த ஒரு சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. அது பழக்க தோஷம்.

திரும்பாதவர் ஒருவர்தான். அவளுடைய ஏங்க, அவளுக்கு முன்னால், நேராக நடந்து போய்க்கொண்டே இருந்தார்.

மேடைமேல் நின்ற வழித்துணைக்கு எல்லாம் தெரிந்தது. “பாத்தீங்களா?” என்றார். “கூப்பிட்டது யாரு? திரும்பாதது யாரு? நாளைக்குக் குகையில நிலையத்தோட கதவு யாருக்குத் திறக்கும்னு இனிமே நான் சொல்லத் தேவையில்ல.”

அவள் எப்படியோ வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். மறைவாக அழவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவமானம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிய துக்கம் ஒரு பக்கம். நாலடி தூரத்தில் நின்று கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால், இத்தனை வருடம் யாரோடு குடும்பம் நடத்தினோம் என்று நினைத்து நினைத்து அழுதாள். மருந்துக்கடைக்காரர் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைக்குட்டை கொடுத்தாள்.

“விடுங்கக்கா. இந்த ஆம்பளைங்களுக்கு ஞானம் வர்றதே நாம துணி துவைக்கச் சொல்ற நேரம் பாத்துத்தான்.”

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது.

லிஃப்ட்காரர் சுற்றுவழியிலிருந்து வெளிவந்து, மிதிக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்த புல்வெளிக்குள் இறங்கி, ஒரு பூப்பாத்தியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். தோட்டத்துக் காவலர் கன்னம் உப்ப விசில் ஊதினார். தொலைவில் நடைபாதையில் போனவர்கள் எல்லாம் தாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று நின்றுவிட்டார்கள். ஒரு நாய்கூட நின்றது. காவலர் நாலைந்து முறை ஊதியும் அவர் பாட்டுக்குக் குனிந்து பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விதியெல்லாம் தாண்டிப் போயிட்டார்” என்றார் வழித்துணை உருக்கத்தோடு.

காவலருக்கு உருக்கம் வரவில்லை. ஓடிப் போய் அவர் தோளைத் தொட்டார். லிஃப்ட்காரர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. பூவும் வேண்டாம் ஞானமும் வேண்டாம், விட்டால் போதும் என்பது போல ஒரு பயம் வந்து, அடுத்த கணமே அதை மூடிக்கொண்டு அந்தப் பால்கனிப் புன்னகை வந்தது.

அவள் அழுகையை நிறுத்தினாள். உதடு பிரியாத அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். தினமும் லேப் வாசலில் வந்து நிற்கிற சிரிப்பு அது. பல் போனதை ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். இந்த மனுஷனுக்குப் பல்லெல்லாம் கெட்டியாக இருக்கிறது. அப்படியானால் போனது வேறு ஏதோ.

டிவி. போன். எழுதி அனுப்பச் சொல்லு. கேஸ் தீர்ந்ததற்கு எல்லாம் நல்லதுக்குத்தான். யார் நீ என்றால் எனக்கு வேணாம். யாருக்கு டீ என்று கேட்பதாக நினைத்திருப்பார். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால், சாப்பாடு எப்படி இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார். வாழ்நாள் முழுக்க மோட்டார் அறைக்குள் நின்ற மனுஷன்.

பஸ்ஸில் அவருக்கு நேர் பின்னிருக்கையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். சாதாரணக் குரலில் அவர் தலைக்குப் பின்னாலிருந்து, “ஏங்க, உங்க சட்டைக் காலர்ல பல்லி” என்றாள்.

இரண்டு பக்கத்து வரிசைகளும் எழுந்துவிட்டன. “எங்கக்கா, எங்க?” என்று ஒருத்தி காலைத் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டாள். காலருக்குச் சொந்தக்காரர் ஜன்னல் வழியாக மலைகளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடப்பாவி மனுஷா. காதுக்குள் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு மெஷின் வைத்துக்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டு பெண்டாட்டியையே துறக்கப் பார்க்கிறாயே. மௌன நிலையத்தில் யாரும் பேசமாட்டார்கள், ஆகவே யாருக்கும் தெரியாது, எவ்வளவு வசதி. ஒருவர் செவிடு என்று தெரிந்தால் பரிதாபப்படும் உலகம், பதில் சொல்லாதவர் மகான் என்றால் காலில் விழுகிறது. கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார். கோபம் ஓய்ந்தபோது வேறொன்று உறைத்தது. இந்த ஒரு வருடத்தில் அவளும் ஒரு நாள்கூட அவர் எதிரில் வந்து நின்று பேசவில்லை. சமையலறையிலிருந்து, குளியலறைக்குள்ளிருந்து, அவர் முதுகைப் பார்த்தே பேசியிருக்கிறாள்.

சரி, இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அங்கேதான் சிக்கல். காது கேட்காத மனுஷனிடம் ரகசியமாகச் சொன்னால் காதில் விழாது. காதில் விழுகிற மாதிரி சொன்னால் அது ரகசியமில்லை, பஸ்ஸுக்கே தெரிந்துவிடும். அப்படி ஊரறிய அவமானப்பட்டால் அவர் நிலையத்துக்கு நடந்து போகமாட்டார், ஓடியே போவார். எழுதிக் கொடுக்கலாம். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புன்னகைப்பார், அதற்குமேல் என்ன செய்யமுடியும்? தங்கிய இடத்திலும் ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை மலையேறினார்கள். லிஃப்ட்காரர் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஊருக்கே லிஃப்ட் போட்டவருக்கு அங்கே படிதான். குகை உண்மையில் அழகாக இருந்தது. வழித்துணை பேசிக்கூட அதைக் கெடுக்க முடியவில்லை. குடைந்து வளைத்த உயரமான கூரை, நடுவில் ஊற்றுநீர் தேங்கிய குளம், நீருக்குள் வரிசையாக மிதிகற்கள். எத்தனையோ தலைமுறையாக மக்கள் வந்து நின்ற தரை கண்ணாடி மாதிரி வழவழத்துக் கிடந்தது.

“இங்க மூச்சு விட்டாக்கூட மலை திருப்பிச் சொல்லும்” என்றார் வழித்துணை கிசுகிசுப்பாக. மலை அதைத் திருப்பிச் சொன்னது. “திரும்பிப் போறவங்க குளத்துக்கு இந்தப் பக்கம். தங்குறவங்க அந்தப் பக்கம்.”

வழித்துணை கையைக் காட்டிய திசையைப் பார்த்துவிட்டு லிஃப்ட்காரர் கற்களில் கால் வைத்து அந்தப் பக்கம் போய் நின்றார். அவர் ஒருவர்தான். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டார்.

“விடை கொடுக்க நினைக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?”

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மிதிகற்களில் நடந்தாள். இந்தப் பக்கத்துக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அவருக்கு நேர் எதிரில், முகத்துக்கு முகம் நின்றாள். சத்தமே எழாமல் உதட்டை மட்டும் மெதுவாக அசைத்தாள்.

‘காது கேக்கலையா?’

அவர் அவள் வாயைப் பார்த்தார். புன்னகை போய்விட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்து ரகசியமாகப் பேசினார்.

அதாவது ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டு பேசினார். மோட்டார் அறையில் நின்று லிஃப்ட் குழிக்குள் இருப்பவனுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாரே, அந்தக் குரல்தான் வந்தது.

“மெதுவா பேசு. இங்க யாருக்கும் தெரியாது.”

தெரியாது, தெரியாது என்றது மலை. இந்தப் பக்கத்துக் கூட்டம் அசையாமல் நின்றது.

“ரொம்ப நாளாச்சு” என்றார் அவர் அதே ரகசியத்தில். “கனமான குரலா இருந்தா கொஞ்சம் விழுது. விசில், பெல்லு, பொம்பளைங்க குரல், அதெல்லாம் விழல. முதல்ல போனதே உன் குரல்தான். நீ பேசுவ, வாய் அசையும், ஒண்ணுமே வராது. அதை உன்கிட்ட நான் எப்படிச் சொல்றது?”

உன் குரல்தான் என்று மலை சொன்னது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டி அவர் முகமே தெரியாமல் போனது. நீ என்று சொல்லிவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

வழித்துணை தொண்டையைச் செருமினார். “அன்பர்களே, இவர் குரல்னு சொல்றது ஒரு குறியீடு. இதுக்குள்ள ஆழமா…”

“கொஞ்சம் சும்மா இருங்க பயணி” என்றார் மருந்துக்கடைக்காரர். அண்ணே என்று சேர்க்கவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வாயை மட்டும் அசைத்தாள். ‘மெஷின் வாங்கலாம்.’

“கெழவன்னு சொல்லுவாங்க.”

‘சொல்லட்டும்.’

“நீயே சிரிப்ப.”

‘சிரிப்பேன்’ என்றாள். ‘உங்களுக்குக் கேக்கும்ல.’

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், ஒரு வருடமாக உதட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்த பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலிருந்தும் வழிந்தது. குனிந்து பெட்டியைத் தூக்கினார். அவள் ஒரு கையில் செருப்பும் மறு கையில் அவர் முழங்கையுமாக, கல் கல்லாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். நிலையத்தின் கதவு திறந்தபடி இருந்தது. வழித்துணை போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

பஸ்ஸில் மருந்துக்கடைக்காரர் மனைவி எழுந்து, இரண்டு பேரும் சேர்ந்து உட்காரத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தாள். வண்டி மலையிலிருந்து இறங்கி நெடுஞ்சாலையைப் பிடித்தது. லிஃப்ட்காரர் வெகுநேரம் எதையோ யோசித்துக்கொண்டு வந்தார். பிறகு சந்தேகம் தாங்காமல் மனைவியின் காதுப் பக்கம் குனிந்து, மிகவும் எச்சரிக்கையாகக் கேட்டார்.

“நான் அங்க பேசுனது யாருக்கும் கேட்டிருக்காதே?”

டிரைவரின் தோள் குலுங்கியது. மருந்துக்கடைக்காரர் பஸ்ஸின் கூரையை ஆராயத் தொடங்கினார். கடலின் துளி கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினாள். முன்னிருக்கையில் வழித்துணை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தனை பேரும் காது கேளாதவர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் அவர் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினாள். ‘யாருக்கும் கேக்கல.’

“நல்லவேளை” என்றார் அவர். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.